காதுக்குள் ஒன்றாம் வகுப்பு

அடக்கமான பிள்ளை என்று என் மகளை யாராவது பாராட்டினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அந்த அடக்கம் எங்கே கற்றுக்கொடுக்கப்பட்டது, யாருக்காகக் கற்றுக்கொடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுக்கரைக்குப் போகும் ரோட்டோரம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை. அதை ஒட்டி, ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சமையல்கட்டு. நானும் வீட்டுக்காரரும் ஒரே ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தோம். மகள் ஒன்றாவதில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சளியும் சாயங்காலக் காய்ச்சலும் அவளை விடவே இல்லை. டாக்டர் பிரைமரி காம்ப்ளக்ஸ், பிள்ளைகளுக்கு வரும் டி.பி. என்றார், மாதக்கணக்கில் மருந்து எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்றார். குழந்தையிடமிருந்து மற்றவர்களுக்கு ஒட்டாது என்று சொன்னதும் அவர்தான்.

அதையே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்குள் மற்ற தாய்மார்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒரு வருசம் ஊட்லயே வெச்சுப் பாருங்க அம்மணி. ஒண்ணாவது பாடத்தை நீங்களே சொல்லிக்குடுத்துருங்க. நல்லானதும் நேரா ரெண்டாவதுலயே சேத்துக்கறோம்."

நான் பத்தாவது பாஸ். ஒன்றாவது பாடம் எனக்கு மலையா? வருடம் வீணாகாது, கூடப் படித்த பிள்ளைகளோடு இரண்டாவதில் உட்கார்ந்துவிடுவாள், அது போதும் என்று நினைத்தேன். வழியெல்லாம் அதையே சொல்லி அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்தேன்.

பாடம் சுலபம். நேரம்தான் கிடைக்கவில்லை. கிணத்துக்கடவில் இருந்த மாமியாரை வந்து கொஞ்ச நாள் இருக்கச் சொன்னோம். "எருமைய ஆரு கண்ணு பாப்பாங்க?" என்று கேட்டார். எருமைக்கு இருந்த கொடுப்பினை என் மகளுக்கு இல்லை. கடைசியில் ஷிப்ட்டைத்தான் மாற்றிக்கொண்டோம். மத்தியானம் போய் இரவு திரும்பும் அரை நைட் எனக்கு. இரவு போய்க் காலையில் வரும் முழு நைட் அவருக்கு. யாருக்கும் வேண்டாத ஷிப்ட் என்பதால் கேட்டவுடனே கொடுத்தார்கள். நான் மில்லை விட்டு வெளியே வரும்போது அவர் உள்ளே போய்க்கொண்டிருப்பார். நான் வீடு வந்து சேரும்வரை பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலில் பாய் போட்டுப் படுத்திருப்பார். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசிக்கொண்டது வார லீவில்தான்.

காலையில் அவர் வருவார், சாப்பிடுவார், படுப்பார். மத்தியானம் நான் கிளம்பும்போது எழுந்திருப்பார். இடைப்பட்ட அந்தக் காலை நேரம்தான் எங்கள் பள்ளிக்கூடம். அவர் தூங்குவதும் நாங்கள் படிப்பதும் ஒரே நேரத்தில், ஒரே அறையில்.

"பிள்ளைய சத்தம் போடாம இருக்கச் சொல்லு. நான் கண்ணு அசந்தா கை போயிரும்" என்றார் முதல் நாளே. அது பொய்யில்லை. அவர் டிபார்ட்மெண்டில் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் மிஷினுக்குள் விரலை விட்டிருந்தார். அதனால் அந்த வீட்டில் அவருடைய தூக்கம்தான் சாமி. குக்கர் விசில் அடிக்குமென்று அவர் வருவதற்குள் சமையலை முடித்துவிடுவேன். சமையல்கட்டு வாசலில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் நானும் மகளும் முட்டியோடு முட்டி இடித்து உட்காருவோம். சிலேட்டுக் குச்சி கீச்சிடும் என்று தரையில் சாக்பீஸால் எழுதினோம். நான் அவள் காதில் சொல்வேன். அவள் எழுந்து வந்து என் காதில் பதில் சொல்வாள். வாய்ப்பாடு முழுவதும் அப்படித்தான் ஏறியது. பாட்டைக்கூட உதட்டை மட்டும் அசைத்துப் பாடினோம். சிரிப்பு வந்தால் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

சின்னவனுக்கு அப்போது நாலு வயது. அவனை அந்தச் சேலைக்குப் பின்னால் உட்காரவைக்க முடியவில்லை. லைன் கடைசியில் இருந்த மைதானத்துக்கு விரட்டிவிட்டேன். காலை முழுவதும் அங்கே கத்திக்கொண்டிருப்பான். அ, ஆவைத் தாண்டி ஓர் எழுத்தும் அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் நீங்கள் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன் என்று ஒருமுறை கேட்டேன். "படிப்பெல்லாம் உன்ற டிபார்ட்மெண்ட்டு" என்றார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டார், மருந்தைத் தவறாமல் கொடுத்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் தன் மகள் வாசிப்பதை அந்த மனிதர் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. "உங்க ஊட்ல பிள்ளை இருக்கறதே தெரியலீங்க, அத்தனை அடக்கம்" என்று லைனில் சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமை. எனக்கும் பெருமையாக இருந்தது என்பதுதான் கசப்பு.

கோடை முடிவதற்குள் அவள் இரண்டாவது புத்தகத்தையே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். மருந்தும் முடிந்தது. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் வருவதாகத்தான் இருந்தது. சாப்பிட்டதும் கண் சொக்கிவிட்டது.

தலைமையாசிரியை புத்தகத்தை அவள் முன்னால் வைத்து, "படி சாமி" என்றார். மகள் விரலை வைத்துப் படித்தாள். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாப் படி."

மறுபடியும் அதே உதடு. ஒரு தப்பில்லை.

"சரி, அஞ்சும் ஏழும் எத்தனை, அதையாவது சொல்லு."

விடை தெரிந்தால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். அன்றும் மலர்ந்தது. நேராக மேசையைச் சுற்றிப் போனாள், குதிகாலைத் தூக்கினாள், அந்த அம்மாளின் காதுக்கருகே வாயைக் கொண்டுபோனாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சேலைத் தலைப்பு மூக்குக்குப் போனது. டாக்டர் சர்டிபிகேட் மேசைமேல்தான் கிடந்தது. மகள் குதிகாலைத் தூக்கியபடியே நின்றாள், சொல்ல வந்த பன்னிரண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"ஏனுங்க டீச்சர், அவளுக்கு எல்லாந் தெரியுமுங்க. அவங்கப்பாவுக்கு முழு நைட்டுங்க, பகல்ல தூங்கோணுமுங்க, அதனால காதுல சொல்லியே பழகிப்போச்சுங்க."

"காதுல சொல்றதுக்குப் பேரு படிப்பாம்மா? பிள்ளைக்குப் பேச்சே சரியா வரல போல இருக்குது. டாக்டர்கிட்டக் காட்டுங்க. இப்போதைக்கு ஒண்ணாவதுலயே உக்காரட்டும்."

அடுத்து சின்னவனைக் கேட்டார். அவன் நெஞ்சை நிமிர்த்தி, அ என்றும் ஆ என்றும் நடுவில் ஒரு பஸ் ஹார்னையும் சேர்த்து, கூரை அதிரக் கத்தினான். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "வாயுள்ள பிள்ளை பொழச்சுக்கும்" என்று அவன் தலையைத் தட்டினார். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நாளையிலிருந்து வரட்டும் என்றார். அவள் கூடப் படித்த பிள்ளைகள் வராந்தாவில் இரண்டாவது வகுப்புக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழக்கூட இல்லை. அழுதால் சத்தம் வருமே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். அந்த டீச்சரின் மேல் கோபம், மில்லின் மேல் கோபம், எருமையின் மேல்கூடக் கோபம். கதவை எட்டி உதைத்துத் திறந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க" என்று கத்தினேன். அந்த வீட்டில் என் முழுக் குரலை நானே அன்றுதான் கேட்டேன். "எந்திரிச்சு உங்க பிள்ளையப் பாருங்க. பேச்சே வரலைன்னு சொல்லிப்போட்டாங்க. உங்க தூக்கத்தைக் காப்பாத்திக் காப்பாத்தி அவ தொண்டையக் கொன்னுபோட்டோம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் இன்னும் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. சின்னவன் பயந்துபோய் வாசலுக்கு ஓடிவிட்டான். மகள் மட்டும் என்னிடம் வந்தாள். என் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், நான் குனிந்ததும் தன் உள்ளங்கையால் என் வாயை அழுத்திப் பொத்தினாள். பிறகு என் காதில் சொன்னாள்.

"மெதுவாப் பேசும்மா. அப்பா தூங்கோணுமல்ல."

அவர் விழித்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.