சண்முகவடிவு சொல்லாத பெயர்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட சண்முகவடிவு, கல்யாணமான நாளிலிருந்து கணவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை உள்ள மற்றப் பெண்கள், தேவை வந்தால் காதோடு காதாகச் சொல்லிவிடுவார்கள். சண்முகவடிவு அதுவும் மாட்டார். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்குக் கீழே இருக்கும் காவல் சாமிக்கும் அதே பெயர் என்பதால், கும்பிடும்போதுகூட “பெரியவரே” என்றுதான் கூப்பிடுவார்.

றொசல்லப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்து வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்தார். ஒரு மழைக்காலத்தில் மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் பிசகியது. அதன்பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. அதனால் பிள்ளைக்காம்பரா வேலை கொடுத்தார்கள். தாய்மார் விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு, இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூரை மரத்தில் வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொரு தொட்டிலிலும் அந்தந்தத் தாயின் பழைய சேலைத்துண்டு ஒன்றைச் சண்முகவடிவு விரித்திருப்பார். துவைத்த துணியாக இருக்கக்கூடாது என்பார். வாசனை போய்விடுமாம். எல்லாரும் அவரை ஆயம்மா என்றுதான் அழைத்தார்கள்.

1961இல் ஹட்டனில் பள்ளிக்கூட மாணவர்களான நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே பிரதிதான். அது கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும். மாதம் ஒரு உழைப்பாளியைச் சந்தித்து எழுதுவது என்று ஆசிரியராக இருந்த சுந்தரலிங்கம் முடிவு செய்தார். அவர் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன், எனக்கு ஒரு வகுப்பு மேலே. ஆயம்மாவைப் பற்றி எழுதும் வேலை எனக்கு வந்தது. என் அம்மா அந்தத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை.

நான் போனபோது ஆயம்மா ஒரு குழந்தைக்கு முதுகில் தட்டி ஏப்பம் வரவைத்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்காரர் பேர் என்னங்க ஆயம்மா?”

“இது என்ன பாப்பா கேள்வி? நீயும் ஒருத்தன கட்டிக்கிட்டு வா, அப்புறம் நான் கேக்கிறேன்.” சிரித்துவிட்டு, மூலையில் தீப்பெட்டியை உருட்டி விளையாடிய சிறுமியைக் கூப்பிட்டார். “அடியே, தாத்தா பேரை இந்த அக்காகிட்ட சொல்லு.”

“மாயாண்டித் தாத்தா!”

“கேட்டுக்கிட்டியா? அவதான் சொன்னா. நான் சொல்லல.”

பிறகு, நாலு வருஷத்துக்கு முந்திய பெருமழையைப் பற்றிச் சொன்னார். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருந்த மண்மேடு விரிசல் விட்டுச் சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. தொட்டில்களில் குழந்தைகள். பெண்கள் எல்லாரும் தூரத்து மலையில் இருந்தார்கள். எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

“அவுக அங்கதான் நின்னாங்க. ‘இந்தாங்க’ன்னு ஒரே ஒரு தரம் கத்துனேன். மலை நெறைய ஆம்பளைங்க. அவுக மட்டும் திரும்பிப் பாத்தாங்க. கத்திய போட்டுட்டு ஓடியாந்து, கொழுந்துக் கூடையில ரெண்டு ரெண்டு பிள்ளையா வச்சு இறக்குனாங்க. கடைசிப் பிள்ளைய இறக்கிட்டுப் பாக்கிறோம், சுவத்தக் காணோம்.”

அவர் சொன்னதை அப்படியே எழுதிச் சுந்தரலிங்கத்திடம் கொடுத்தேன். பத்திரிகை முழுவதையும் அவர்தான் கையால் படியெடுப்பார். வேறு யாருக்கோ நடந்ததுபோல ஆயம்மா அமைதியாகச் சொல்லியிருந்தார். அந்த அமைதியும் எழுத்தில் இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.

பத்திரிகை கட்டி முடிந்ததும் வழக்கப்படி முதலில் அந்த மாதத்து உழைப்பாளியின் தோட்டத்துக்குப் போனது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. அங்கே ஆண்டியப்பன் என்ற தையற்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் பேப்பர் படித்துக் காட்டுவார். காமன்கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். பெண் பேசும் இடம் வந்தால் பெண்குரலில்தான் படிப்பார்.

அன்றைக்கு ஆயம்மாவின் குரலை எடுத்துக்கொண்டு அவர் படித்தது இது: “மாயாண்டி! மாயாண்டி! ஓடி வாருங்கள் என்று மலையை நோக்கிக் கதறினேன்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன ஆயம்மாவுக்குக் கேலி காத்திருந்தது.

“என்னடி சண்முகவடிவு, மாமா பேரு வாயில நல்லாத்தான் வருது!”

“நம்மகிட்டதான் வேஷம். ஹட்டன் பிள்ளைங்ககிட்ட ஏலம் போட்டிருக்கா.”

“சும்மா இருங்கடி. இன்னும் நாலு தரம் கூப்பிடட்டும். ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கும்.”

கடைசியாகச் சொன்னவள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் மாயாண்டி அப்போது டிக்கோயா ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். வயிற்றில் புண். அந்த வியாழக்கிழமை ஆபரேஷன் செய்வதாக இருந்தார்கள்.

அன்றைக்கே ஆயம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பிசகிய காலோடு ஹட்டன்வரை நடந்தே வந்திருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

“நான் சொன்னேனா பாப்பா?”

“இல்லைங்க ஆயம்மா.”

“அப்ப யாரு சொன்னது?”

பத்திரிகையை மடியிலிருந்து எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தைச் சரியாகத் திறந்து காட்டினார். மேற்கோள் குறிகளுக்குள் சுந்தரலிங்கத்தின் அழகான கையெழுத்து.

“வியாழக்கிழமை அவுகளுக்கு வயித்த அறுக்கிறாங்க. அதுக்குள்ள என் வாயிலருந்து அந்தப் பேரை எடுத்துடு.”

மறுநாள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்ச் சுந்தரலிங்கத்திடம் பேசினேன். அவர் கெட்டவர் அல்ல. ஒரு பெண்ணின் பேச்சைக் கொச்சையாக எழுதுவது அவளுக்கு மரியாதைக் குறைவு என்று உண்மையாகவே நினைத்தார். தமிழ் வகுப்பில் எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் பழக்கம். யார் என்ன பேசினாலும் அதை நல்ல தமிழில் எழுதிக் கொடுப்போம். மேற்கோள் குறிக்குள் இருப்பது பேசியவரின் சொத்து, அதில் கை வைக்காதீர்கள் என்று இங்கிலிஷ் டீச்சர் சொல்லித் தந்திருந்தார். அது இங்கிலிஷுக்கு மட்டும் உள்ள சட்டம் என்பதுபோல நாங்கள் இருந்துவிட்டோம்.

“மண் சரியிற நேரத்துல யாராவது ‘இந்தாங்க’ன்னு கூப்பிடுவாங்களா?” என்றார் சுந்தரலிங்கம். “படிக்கிறவன் நம்ப மாட்டான். உணர்ச்சியே இல்ல.”

“அவங்க அப்படித்தான் கூப்பிட்டாங்க.”

“பேர் சொன்னா புருஷன் செத்துப்போவானா? இந்த மூடநம்பிக்கைய நம்ம பத்திரிகையே வளர்க்கணுமா?”

“அதைப் பத்தி நீங்க ஒரு தலையங்கம் எழுதுங்க. உங்க பேர்ல எழுதுங்க. அவங்க வாயில வைக்காதீங்க.”

நான் அவ்வளவு பேசுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

“சரி. கடைசிப் பக்கத்துல ஒரு திருத்தம் போட்டுடலாம்.”

கடைசிப் பக்கத்தில் திருத்தம் போட்டால் படிக்கத் தெரிந்த எங்களுக்கு மனம் ஆறும். ஆயம்மாவின் சங்கடமோ காதால் வந்தது. லயத்து வாசலில், அத்தனை பேருக்கு முன்னால், அவருடைய குரலில் அந்தப் பெயர் ஒலித்திருந்தது. மேற்கோள் குறி யார் காதிலும் விழுவதில்லை. அதே வாசலில் அதே ஆட்கள் காதில் சரியானது விழுந்தால்தான் உண்டு. இதைச் சொன்னதும் சுந்தரலிங்கம் பத்திரிகையின் தையலைப் பிரித்து அந்தத் தாளை உருவினார். புதுத் தாளில் நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். “கணவரின் பெயர் மாயாண்டி என்று அங்கிருந்த ஒரு சிறுமி எங்களிடம் சொன்னாள். ஆயம்மா அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர் கூப்பிட்டது இப்படித்தான்” என்று தொடங்கி, அதன்பிறகு ஆயம்மாவின் பேச்சு வந்தது. “அவுக” என்ற இடத்தில் ஒரு தரம் கை தயங்கியது. பிறகு எழுதினார்.

புதன்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனோம். ஆண்டியப்பன் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

“எழுதியிருந்துச்சு, படிச்சேன். எனக்கு என்னங்க தெரியும்?”

“முன்பாதியை உங்க குரல்லயே படிங்க,” என்றேன். “அவங்க பேச்சு வரும்போது மட்டும் மாத்திக்குங்க.”

வேலை முடிந்து வந்தவர்கள் கூடினார்கள். ஆயம்மா தன் வீட்டுக் காம்பராவின் கதவுக்குப் பின்னால் நின்றார். மாயாண்டி என்ற பெயர் ஆண்டியப்பனின் கட்டைக்குரலில் வந்து போனது. பிறகு அவர் குரலை மாற்றி, “இந்தாங்க” என்றார். ஒரே ஒரு தரம், கத்தாமல். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பீலியில் ஆஸ்பத்திரியைச் சொல்லிக் கேலி செய்தவள்தான் முதலில் பேசினாள். “அவ எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவா. அன்னிக்கு அந்தக் கூடையில எம்புள்ளையும் கிடந்துச்சு.”

பழைய தாளை ஆயம்மா வாங்கி அடுப்பில் போட்டார். அது எரிந்து முடிகிறவரை அங்கேயே நின்றார்.

வியாழக்கிழமை காலையில் அவரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாயாண்டி மெலிந்திருந்தார், ஆனால் கண்ணில் குறும்பு இருந்தது. லயத்தில் நடந்தது யார் மூலமாகவோ அவர் காதுக்கும் போயிருந்தது.

“அந்தப் பழைய தாளக் கொண்டாந்திருக்கலாம்ல பாப்பா? இத்தன வருஷத்துல எம்பேரு அவ வாயில வந்து நான் கேட்டதே இல்ல.”

“போதும், வாய மூடுங்க,” என்றார் ஆயம்மா. “வயித்துல புண்ண வச்சிக்கிட்டு ஆசையப் பாரு.”

புதுப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“இது அவ பேச்சு,” என்றார். “பேரச் சொல்லிக் கத்தியிருந்தா, கங்காணிதான் வேலைக்கு வெரட்டுறான்னு நெனச்சுத் திரும்பியே பாத்திருக்க மாட்டேன்.”

தள்ளுவண்டியோடு ஒரு சிங்கள ஊழியர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். “நம மொகக்த?” என்று ஆயம்மாவிடம் பெயர் கேட்டார். ஆயம்மாவுக்குப் புரிந்தது. கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார்.

“மாயாண்டி,” என்றேன் நான்.

அவரை ஏற்றிக்கொண்டு வண்டி நகர்ந்தது. அந்த வார்டில் இரண்டு வரிசையிலும் ஆண்கள் படுத்திருந்தார்கள். வண்டி கதவருகே போனபோது ஆயம்மா, “இந்தாங்க,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

வண்டியில் கிடந்தவர் தலையைத் திருப்பினார்.

மாயாண்டி அடுத்த மாதம் லயத்துக்குத் திரும்பினார். இனி மலையேற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு தேறியதும் பிள்ளைக்காம்பரா வாசலில் உட்கார்ந்து பால் காய்ச்ச விறகு பிளப்பார். உள்ளே இரண்டு குழந்தைகள் சேர்ந்து அழுதால், ஆயம்மா கூப்பிடுவதற்கு முன்பே கோடரியைக் கீழே வைத்துவிடுவார்.