பூனைக்கு ஒரு வாசல்

மீட்டிங் நடுவில் எழுந்து போய்ப் பூனைக்குக் கதவு திறந்துவிட்டே என் பிழைப்பு நாறியதால், கோவில்பதாகையிலிருந்து ஒரு தச்சரை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், நெற்றியில் பட்டை. கதவை விரலால் தட்டி, காது வைத்துக் கேட்ட பிறகுதான் ரம்பத்தையே தொட்டார். அடியில் சதுரமாக அறுத்து, நான் ஆன்லைனில் வாங்கிய குட்டிக் கதவைப் பொருத்தினார். பிறகு மஞ்சள், குங்குமம் கேட்டார்.

"பூனைக் கதவுக்கா?" என்றேன்.

"வாசல்னு வெச்சா வாசல்தான் சார். அதுல இன்னா சின்னது, பெர்சு?"

பொட்டு வைத்துவிட்டு, பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். தரையில் குப்புறப் படுத்து, குட்டிக் கதவைத் தூக்கிப் பிடித்து, "வலது கால எட்த்து வெச்சு வாம்மா" என்று கெஞ்சினார். பூனை இடது காலை வைத்தது.

"ரிவர்ஸ்ல போ! மறுபடி வா!"

நான்காவது முறைதான் உள்ளே விட்டார்.

மீட்டிங்கிலிருந்து எழக் கூடாது என்றுதான் அந்தக் கதவையே வைத்தேன். இப்போது அது ஆடும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய், முதலில் எந்தக் கால் வருகிறது என்று குனிந்து பார்க்கிறேன். பெரும்பாலும் இடதுதான்.