ஒரு கட்டை இறக்கிய பாட்டு

போன தை மாதம், சித்தூரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருப்பவர்களுக்காகக் கீபோர்டு வாசித்துப் பாட, திருப்பதியிலிருந்து பஸ்ஸில் போயிருந்தேன்.

நான் ஒற்றை ஆள். கூடச் சேர்ந்து பாட ஹார்மனி வேண்டும். கீபோர்டிலேயே அந்த வசதி உண்டு. என் இடது கை சேர்த்துப் பிடிக்கும் சுரங்களைக் கவனித்து அதுவே இரண்டு குரல் சேர்த்துவிடும். ஆனால் தகர டப்பாக் குரல். அதனால் தனிப் பெட்டி ஒன்று வாங்கி மைக்கோடு இணைத்திருந்தேன். அசல் மனிதக் குரல் வரும். பாட்டு எந்தக் கட்டை என்று மட்டும் அதற்கு நாம் சொல்ல வேண்டும். அதை வாங்கியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்ணின் அப்பா மேடைக்கு வந்தார். பஸ் கண்டக்டர். "பொண்ணுக்காக ஒரே ஒரு பாட்டும்மா. ரெண்டு வாரமா டூட்டி முடிஞ்சி வந்து பாடிக்கினு இருக்கேன்" என்றார். அவர் குரலுக்குத் தோதாக கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி ஒரு கட்டை இறக்கினேன். பெட்டியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அவர் சரியாகத்தான் பாடினார். பெட்டி பழைய கட்டையிலேயே நின்று அவரோடு சண்டை போட்டது. நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. நான்காவது வரியில் மைக்கை என்னிடம் நீட்டிவிட்டார்.

"பரவாலேதும்மா, எனக்கு சுருதி நிக்கல. நீ பாடு."

காரணம் எனக்கு அந்த நொடியே தெரியும். ஆனால் அடுத்த கச்சேரி பேச வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வாயே திறக்காமல் பெட்டியைச் சரிசெய்துகொண்டு நான் பாடினேன். கைதட்டல் வேறு கிடைத்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கை கழுவப் போன இடத்தில் அவர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "உன் கல்யாணத்துல உன் மானத்த வாங்கிட்டேன் கண்ணு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ நான் சரியாத்தான் பாடிக்கினு இருந்தனா?"

"ரொம்பச் சரியா சார்."

மகள் அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தாள். தப்பு என்னுடையது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, பெட்டியை அணைத்தேன். அவர் முழுப் பாட்டையும் பாடினார். மகள் அழுதாள். ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். அவர்களுக்கு அவர் இன்றும் சுருதி தெரியாதவர்தான்.

எது வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், டப்பாக் குரலானாலும் கீபோர்டிலேயே இருப்பது கட்டையை மாற்றினாலும் நம் கையோடு வரும் என்கிறேன். எதை வாங்கினால் என்ன, பக்கத்தில் பாடுபவருக்குச் சுருதி விலகினால் இப்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைத்தான் பார்க்கிறேன்.