ரெட்டை சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

எனக்குக் கண் தெரியாது. இருவர் மிதிக்கும் எங்கள் சைக்கிளில் முன்னால் மனைவி, பின்னால் நான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் விரிசல். இன்று பாப்பாரப்பட்டியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம்.

“ஷாக் அப்சார்பர் வெச்ச ஃபோர்க் போடுங்கக்கா, பாக்க சூப்பரா இருக்கும்,” என்றார் கடைக்காரர் அவளிடம்.

நான் தடவிப் பார்த்தேன். மெல்லிய குழாய்.

“ரெண்டு பேரு எடைக்கு இது மடங்கிடும்ங்க. பால் கேன் கட்டற லோடு சைக்கிள் ஃபோர்க் குடுங்க.”

“அவருக்கு என்னக்கா தெரியும்? ஓட்டறது நீங்க, நீங்க சொல்லுங்க.”

“விழுந்தா ரெண்டு பேருந்தாங்க விழுவோம். அவர் சொன்னதக் குடுங்க.”

கொடுத்தார். மாட்டி முடித்ததும் அவளிடமே கேட்டார்: “அவருக்குத் திருப்திங்களாக்கா?”

வங்கியிலும் பேருந்திலும் இதேதான். சண்டை போடத் தெம்பில்லை.

அடுத்து செயின் மாற்ற வேண்டும். என்னிடமே பேசும் கடை இருந்தால் சொல்லுங்கள்.