பச்சைக் கோட்டின் இடுப்பளவு

லிப்ட் மெக்கானிக்கை அவரோடு வேலை பார்ப்பவர்கள் 'பாபின்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவரோடு எப்போதும் நூல் சுற்றிய பாபின் உருளை ஒன்றும் கிடக்கும். பழைய தையல் மிஷின் என்றால் மனுஷனுக்கு உயிர். பின்னறையில் மூன்று வைத்திருந்தார். மூன்றும் அவரைவிட வயதில் மூத்தவை. ஞாயிறு காலையில் எண்ணெய் விட்டு, துடைத்து, சக்கரத்தை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றிக் காதுகொடுத்துக் கேட்பார். சத்தம் சீராக வந்துவிட்டால் அன்றைக்கு யார் என்ன கேட்டாலும் சரி என்பார். கணக்கு டீச்சரான அவர் மனைவி கேட்க வேண்டியதை எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பார்.

துணி வெட்டுவதற்கான பழைய காகித மாதிரிகளும் சேர்த்திருந்தார். எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்பதைக் கோடு போடாமல் சின்னச் சின்ன ஓட்டைகளால் காட்டும் மெல்லிய காகிதங்கள். அப்படி ஒன்றை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து தன் அக்காவுக்குப் பச்சைக் கம்பளிக் கோட் ஒன்று தைத்தார். அக்கா நூலகத்தில் வேலை பார்த்தவர், தனி ஆள், இரண்டு தெரு தள்ளி இருந்தார். கோட் இடுப்பில் போய் உட்கார்ந்த அழகைப் பார்த்து இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருடம் குளிர் தொடங்கியதும் அக்கா அதே கோட்டோடு வந்தார்.

"தொளதொளன்னு இருக்குடா. இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடு."

"வாக்கிங் போறியா?"

"பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடக்குறதுதான்."

இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தார். மூன்றே வாரத்தில் அக்கா திரும்பவும் வந்தார். டேப்பைச் சுற்றியவர் எண்ணைப் பார்த்துவிட்டு, தவறாக வைத்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை சுற்றினார். தவறு ஒன்றும் இல்லை. வாசலில் நின்ற மனைவி, "நாளைக்கே டாக்டரைப் பாருங்க அண்ணி" என்றார்.

கணையத்தில் புற்றுநோய் வந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது, மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்டுக்குள் அழுகிறவர்களுக்கு வெளியிலிருந்தே தைரியம் சொல்லி, பத்தே நிமிடத்தில் கதவைத் திறந்துவிடுகிற கை அவருடையது. ஆஸ்பத்திரி நாற்காலியில் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவரால் முடிந்தது கோட்டைப் பிடித்துத் தைப்பது மட்டும்தான். அக்காவும் விடாமல் கொண்டுவந்தார். அளவெடுக்கும்போது அவர் எண்ணை உரக்கச் சொல்ல, அக்கா குறித்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒருநாள் டேப் இருபத்தாறு என்று காட்டியது.

"முப்பது" என்றார்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "டேப்பு பொய் சொல்லுதா, நீ சொல்லுறியா?"

அவர் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

"சரியான அளவைச் சொல்லு. இல்லேன்னா தோள் சரிஞ்சு, கோட்டு போட்ட குச்சி மாதிரி நிப்பேன்."

"இருபத்தாறு" என்றார். அக்கா எழுதிக்கொண்டார்.

பிடித்த துணியை அவர் வெட்டவே இல்லை. உடம்பு தேறினால் பிரித்துவிடலாமே என்று எல்லாவற்றையும் உள்ளேயே மடித்து மடித்துத் தைத்து வைத்தார். நாளாக ஆக இரண்டு பக்கமும் கயிறுபோல் தடித்துவிட்டது.

"அண்ணிக்கு விலாவுல சிவந்து கிடக்கு" என்றார் மனைவி. "உள்ள இருக்கறது உறுத்துது. உங்ககிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க."

அன்று மாலையே கோட்டை மேஜையில் விரித்தார். கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். மிஷினுக்கு எண்ணெய் விட்டார். திரும்ப எடுத்தார். நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த அக்கா சற்று நேரம் பார்த்துவிட்டு, "இங்க குடு" என்று வாங்கினார். நாலு மடிப்புக் கம்பளி. அக்கா அழுத்திப் பார்த்தார். கத்தரிக்கோல் வாய் மூடவில்லை.

"எனக்கு வரலைடா. நீதான் வெட்டணும்."

அவர் வெட்டினார். கண்ணீர் மறைத்ததால் ஒரு பக்கம் கோணலாகப் போனது. அக்கா விழுந்த துண்டைக் கையில் எடுத்து, "நல்ல கம்பளிதான்" என்றார், கடைக்காரரிடம் துணி பார்ப்பவரைப்போல.

அந்த வாரம், ஒரு மணி நேரமாவது நூலகத்துக்குப் போய் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். அவர் தன் வேலைக்குப் போகும் வேனில் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டதால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். அரை மணியிலேயே அக்கா வந்துவிட்டார். படியிறங்க மூச்சு வாங்கியது.

"கோட்டு எங்க வாங்கினீங்கன்னு ரெண்டு பேரு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"கடையிலன்னேன். தம்பி தச்சதுன்னா அளவு குடுக்க வரிசையா வந்து நிப்பாங்க. உனக்கு எங்க நேரம்?"

அதன்பின் அக்கா கோட்டைக் கேட்கவில்லை. படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அப்படி ஆறு வாரம்தான் உயிரோடு இருந்தார். தினமும் வேலை முடிந்ததும் அவர் போய்க் கட்டிலோரம் உட்காருவார். ஒருநாள் போர்வை ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது கண்ணில் பட்டது. பையிலிருந்த ஊசியை எடுத்து, அக்கா தூங்கத் தூங்க, சத்தம் காட்டாமல் ஓரம் முழுக்கக் கையாலேயே தைத்து முடித்தார். அக்காவுக்கு அது தெரியுமா என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.