அக்காவின் பேரில் மட்டும்

கவுண்டர் பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. சத்தத்துக்காகத் தட்டுவதில்லை, பலகை அதிர வேண்டும், அவ்வளவுதான். மறுபுறம் அதே பலகையில் விரல்களை விரித்து வைத்தபடி நின்றிருக்கும் அக்கா சட்டென்று நிமிர்வாள். கேஷியர் தாதா வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, முகத்தை அவளுக்கு நேரே தூக்கி, "போலோ தீதி", சொல்லுங்கள் அக்கா, என்பார். அந்தமானில், ரங்கத் பஜாரில் இருந்த அந்த வங்கிக் கிளையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். அண்ணன் என்ற பொருளில் பஜாரே தாதா என்று கூப்பிட்ட, வங்காளிக் குடும்பத்தில் பிறந்த அந்த மனிதருக்கு இப்படித் தட்டினால் அக்காவுக்குத் தெரியும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பல தடவை கூப்பிட்டும் திரும்பாத ஒரு பெண்ணை எப்படித் திரும்ப வைப்பது என்று அவரே ஒரு நாள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அக்காவுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் வந்த ஒரு காய்ச்சல், உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு முன்பே பேசக் கற்றிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. ஆனால் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் என்னிடம் ரகசியம் சொல்வதாக நினைத்து அவள் சொன்னதை டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். வீட்டுத் தமிழ், பஜார் இந்தி, ரவிக்கை அளவு எடுக்கப் போதுமான வங்காளம், மூன்றையும் அப்படித்தான் பிடித்தாள். பஜாரில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தையல் கடை வைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் அவளைப் பார்த்துப் பேசாமல் அப்பாவைப் பார்த்தே பேசினார்கள் என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வனத்துறைக் கூலியாக வந்த அப்பா கட்டிய வீடு, அவருக்குப் பின் அண்ணன் பேருக்குப் போனது. ரேஷன் அட்டையிலும் அண்ணன்தான் குடும்பத் தலைவர். கடையும் கரண்ட் மீட்டரும் கட்டடக்காரர் பேரில். அவள் பேரில் மட்டும், வேறு யார் பேரும் ஒட்டாமல் இருந்தது அந்த வங்கிக் கணக்கு ஒன்றுதான். சனிக்கிழமைகளில் நல்ல சேலை கட்டிக்கொண்டு போவாள். தொகையை அவள் வாயால் சொன்னால் வரிசை முழுக்கக் கேட்டுவிடும் என்பதால் தாதா ஒரு துண்டுத்தாளை நீட்டுவார், எழுதிக் காட்டுவாள், அவர் தலையாட்டிவிட்டு அதைக் கிழித்துப் போடுவார். நோய்க்காலத்தில் எல்லாரும் முகக்கவசம் போட்டு உதடுகளை மூடிக்கொண்டபோது அக்காவுக்கு ஊரே இருட்டிவிட்டது போலாயிற்று. கவுண்டரில் புதிதாக மாட்டிய கண்ணாடிக்குப் பின்னால் தாதா மட்டும் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, கவசத்தைத் தாடைக்கு இறக்கி அவளிடம் பேசினார். "அந்த ஆளு ஒருத்தர் மூஞ்சியத்தான் இந்த வருசம் முழுசாப் பாத்தேன்" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

பிறகு கிளையை மூடினார்கள். கதவில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிவிப்பு. கணக்குகள் எல்லாம் போர்ட் பிளேர் கிளைக்குப் போயின. தாதாவை வடக்கே டிக்லிபூர் பக்கம் மாற்றினார்கள். பஜாரில் ஒரு மொபைல் கடையின் மூலையை வங்கிச் சேவை மையம் என்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் கெட்டவரில்லை. ஆனால் எந்நேரமும் திரையைப் பார்த்தபடியே பேசுவார். குனிந்த தலையின் உதட்டை எப்படிப் படிப்பது? பாதி நாள் நெட்வொர்க் இருக்காது. அதை அவர் சொன்னதுகூடத் தெரியாமல் அக்கா நெடுநேரம் நின்றிருக்கிறாள். அங்கே போவதை விட்டுவிட்டு ஏடிஎம் அட்டையோடு சமாளித்துக்கொண்டாள்.

துர்கா பூஜைக்கு முந்தைய மாதம் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கணக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, உறுதி செய்ய இந்த எண்ணை அழைக்கவும் என்று. ஏமாற்று வேலையாக இருக்கும் என்று நான் சொன்னேன். ஆனால் ஏடிஎம் உண்மையிலேயே காசு தரவில்லை. பூஜை சமயம் ரங்கத்தில் தையல்காரர்களுக்குச் சாப்பிட நேரமிருக்காது. அந்த வருஷம் சேலை ஓரம் அடிக்கும் பிக்கோ மெஷின் ஒன்றை வாங்க அவள் முடிவு செய்திருந்தாள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து போர்ட் பிளேர் கடையில் இறங்கியிருந்தது. பணம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். கடையைப் பூட்டிவிட்டு விடிகாலை பஸ்ஸைப் பிடித்து, போர்ட் பிளேர் டெலானிபூரில் என் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது. வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். கணக்குக்குரியவர்தான் பேச வேண்டும் என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அவள் கேட்பதைச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து நான் அக்காவுக்குச் சொல்ல, அக்கா பதில் சொல்வது என்று ஏற்பாடு. பேர் சொன்னாள். பிறந்த தேதி சொன்னாள். அடுத்த கேள்வியில் என் உதடு அவளுக்குப் புரியவில்லை.

"என்னது? அம்மா பேரா கேக்குறாங்க? சரியாச் சொல்லுடீ!" என்று அக்கா வீடே அதிரக் கேட்டாள்.

"மேடம், யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க? பக்கத்துல யாராச்சும் சொல்லிக் குடுக்குறாங்களா?"

நான் குறுக்கிட்டு, "அவங்களுக்குக் காது கேக்காதுங்க. நான் தங்கச்சி. நீங்க கேக்குறதை அப்படியே சொல்றேன், பதில் அவங்கதான் சொல்றாங்க" என்றேன்.

"சாரி மேடம். இன்னொருத்தர் லைன்ல இருந்தா நாங்க பேசக் கூடாது. அவங்க தனியா இருக்கும்போது கூப்பிடச் சொல்லுங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் குரலில் கடுமை எதுவும் இல்லை. எங்கோ ஒரு நாற்காலியில் தனக்குச் சொன்னதைச் செய்துகொண்டிருந்தாள். அக்கா என் முகத்தையே பார்த்தபடி, "என்ன சொன்னாங்க? முடிஞ்சிருச்சா?" என்றாள். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். "தனியா இருந்தா நான் யாரு குரலக் கேக்குறது?" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள், தானே போய்க்கொள்வதாகச் சொல்லி வங்கிக்குத் தனியாகவே போனாள். டோக்கன் எண்ணை அங்கே ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். எண்ணைக் காட்டும் பலகை அணைந்து கிடந்தது. அவள் எண் வந்து போய், மத்தியானச் சாப்பாட்டு நேரமும் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. அதற்கு மறுநாள் நானும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி மதுரைப் பக்கத்துப் பெண். நிறைய பேரைப் பார்த்துக் களைத்த முகம்.

"இவங்களால போன்ல பேச முடியாதுன்னா ஒண்ணு பண்ணுங்க மேடம். கணக்கை உங்களோட ஜாயிண்ட் ஆக்கிடுங்க. உங்க நம்பரைப் போட்டுட்டா எல்லாம் ஈஸியா முடிஞ்சிரும்" என்றாள் என்னிடம்.

"மூஞ்சிய என் பக்கம் திருப்பிப் பேசச் சொல்லு" என்றாள் அக்கா. அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண் சிவந்துபோய், அக்காவைப் பார்த்து முதலிலிருந்து சொன்னாள். அக்கா உன்னிப்பாகக் கவனித்துவிட்டு, "நான்தான் நேர்ல வந்து உக்காந்திருக்கேனே. என்னைப் பாத்தா நான்தான்னு தெரியலயா?" என்றாள். "தெரியுதும்மா. சிஸ்டத்துக்குப் போன்லதான் உறுதி பண்ணணும். என் கையில இல்ல" என்று அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அங்கே ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை. கோபப்படுவதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு களைப்பு வந்திருக்காது.

அக்கா கையெழுத்துப் போடாமல் எழுந்து ஊருக்குத் திரும்பினாள். ரங்கத்திலேயே இன்னொரு வங்கியில் புதிதாகக் கணக்குத் தொடங்கலாம் என்று போய்க் கேட்டாள். காது கேட்காது என்றதும் கார்டியனை அழைத்து வரச் சொன்னார்களாம். முப்பது வருஷமாகத் தன் கடையைத் தானே நடத்துகிறவளிடம். அந்தப் பூஜைக்கு ஓரம் அடிக்க வேண்டிய சேலைகளைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினாள். போர்ட் பிளேரில் இறங்கியிருந்த மெஷினை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கடனாகத் தருகிறேன் என்று எழுதியதற்கு, "என் காசு இருக்கு" என்று மட்டும் பதில் வந்தது.

தீபாவளி முடிந்து மறுபடியும் பஸ் ஏறி வந்தாள். "வா, கையெழுத்துப் போட்டுருவோம்" என்றாள். வங்கியில் அதே பெண் அதே மேசையில் இருந்தாள். இந்தத் தடவை அக்காவைப் பார்த்தே பேசினாள். அக்கா நிதானமாக, எழுத்தெழுத்தாகத் தன் பேரை எழுதினாள். அதற்குக் கீழே நான் என் பேரை எழுதியபோது என் கையைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து டீ குடித்தோம். "பரவால்லடீ, அண்ணன் பேரு ஏறாம ஒம் பேரு ஏறுச்சு" என்றாள், டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு.

மெஷின் அடுத்த கப்பலில் வந்தது. இப்போது கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் பணம் எடுக்கும்போதும் கடையில் அட்டையைத் தேய்க்கும்போதும் வங்கியின் செய்தி என் போனுக்குத்தான் வருகிறது. அவள் என்றைக்குத் துணி எடுத்தாள், என்றைக்கு மருந்து வாங்கினாள் என்பது இங்கே டெலானிபூரில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அது தெரியாமலிருக்க என்ன செய்வதென்று தெரியவில்லை. சில மாதங்களாக, வங்கிச் செய்திக்கு முன்னாலேயே அவளிடமிருந்து ஒன்று வந்துவிடுகிறது. "எடுக்கிறேன். நூல் வாங்க." "எடுக்கிறேன். வாடகை." பொங்கலுக்கு ரங்கத் போயிருந்தபோது, இதெல்லாம் எனக்கு எதற்கு, நான் எப்போதாவது கேட்டேனா என்று அவள் முன்னால் போய் நின்று சொன்னேன். மெஷினை நிறுத்தினாள்.

"நீ கேக்க மாட்ட, தெரியும். நானே முந்திச் சொல்லிட்டா, யாரும் என்னையக் கேக்கலன்னு இருக்கும்ல?"

சொல்லிவிட்டு மறுபடியும் மெஷினை மிதித்தாள்.

நேற்று ஆபீஸில் இருந்தபோது அவள் செய்தி வந்தது. "எடுக்கிறேன்" என்று மட்டும் இருந்தது. எதற்கென்று எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் வங்கியின் செய்தியும் வந்து போன் அதிர்ந்தது. அதைத் திறக்காமலே அழித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.