செருப்பு விடும் அறை

டெக்சாஸில் புது வீடு விற்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். லோன் கணவர் ஒருவர் பெயரிலேயே இருக்கட்டும், குடியிருக்கப்போகிற வீடு என்றால் மனைவியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் க்ளோசிங், அதாவது பத்திரம் முடிப்பது, கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இதை வெறும் ஃபார்மாலிட்டி என்று நினைக்கிறார்கள். ஆலன் என்கிற ஊரில் ஒரு பில்டரிடம் சேல்ஸ் கன்சல்டன்ட்டாக இத்தனை வருஷம் குப்பை கொட்டிய நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சரவணனும் வித்யாவும் வருகிறவரை.

கிழக்கு பார்த்த லாட்

ஒரு சனிக்கிழமை மாடல் ஹோமுக்குள் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே இன்ஜினியரிங் காலேஜில் படித்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவருக்குக் கோபிப் பக்கம், அவளுக்குக் கோயமுத்தூர். சரவணன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டைரக்டர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அப்பார்ட்மென்ட்டில்தான் வாடகைக்கு இருந்தார்கள். கட்டினால் ஒரே வீடு, அதுவும் பெரிய வீடு என்று அவர் பிடிவாதமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாராம்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று வித்யாவைக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்க்கா. கீழ ஒரு சின்ன ரூம், ஜன்னல் வெச்சு. மெடிக்கல் கோடிங் வேலை, வீட்லயேதான். இத்தனை வருஷமா டைனிங் டேபிள்லதான் லேப்டாப். சாப்பாடு போடும்போதெல்லாம் எடுத்து எடுத்து வெக்கறேன்."

"அட, இந்த ப்ளான்ல வாசலை ஒட்டியே ஸ்டடி இருக்கும்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அறையில் போய் நின்று, மேஜையை எங்கே போடலாம் என்று கையாலேயே அளந்து பார்த்தாள்.

சரவணன் எங்களிடம் இருந்ததிலேயே பெரிய ப்ளானை எடுத்தார். கிழக்கு பார்த்த மனை என்று அந்த லாட்டுக்குக் கூடுதலாகப் பணம் கேட்டோம், மறுபேச்சே இல்லை. டைல், மரம், விளக்கெல்லாம் தேர்ந்தெடுக்கிற டிசைன் சென்டரில் உட்கார்ந்ததும் ஃபோனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். தேக்குக் கைப்பிடி வைத்து வளைந்து ஏறுகிற மாடிப்படி. "இதே மாதிரி வேணும்க்கா. இதைவிடக் கொஞ்சம் அகலமா."

"உங்க ஊர் வீடா?" என்றேன்.

வித்யா டைல் சாம்பிளிலிருந்து தலையைத் தூக்காமலே, "எங்க அப்பா வீடு" என்றாள்.

சேஞ்ச் ஆர்டர்

அடுத்த வாரம் சரவணன் தனியாக வந்தார். ஸ்டடியை எடுத்துவிட்டு அந்த இடம் முழுவதையும் வாசலோடு சேர்த்துச் செருப்பு விடுகிற அறையாக மாற்ற வேண்டும் என்றார். சுற்றிலும் மர அலமாரி, நடுவில் உட்கார பெஞ்ச், மேலே தொங்கு விளக்கு.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் சரவணன், செருப்புக் கடை வெக்கப்போறீங்களா? அது வித்யா கேட்ட ரூம்."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். வித்யாவின் அப்பாவுக்குச் சொந்தமாக ஸ்பின்னிங் மில். அதே மில்லில் சரவணனின் அப்பா ஃபிட்டர். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் சரவணன் தைரியமாகப் பெண் கேட்டுப் போயிருக்கிறார். உள்ளேகூடக் கூப்பிடவில்லை. போர்ட்டிகோவில் நிற்க வைத்து, டிரைவர், தோட்டக்காரர் எல்லோர் முன்னாலும் அந்த மனுஷன் கேட்டாராம்: "எம் பொண்ணு செருப்பு விடற எடத்தளவாவது இருக்குமாடா உன்ற ஊடு?"

கேட்ட எனக்கே கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. அவரை மீறித்தான் கல்யாணம் நடந்திருக்கிறது; வித்யாவின் அம்மா தவறிய பிறகுதான் இரண்டு வீட்டாரும் ஃபோனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்களாம். கிரகப்பிரவேசத்துக்கு மாமனாருக்கு டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"சரி, வித்யாகிட்ட கேட்டீங்களா?"

"அவளுக்காகத்தானேக்கா கட்டறதே."

"அது தெரியும். கேட்டீங்களான்னு கேட்டேன். இப்பவே ஃபோன் போடுங்க, நானும் கேக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார். "உனக்கு எது பிடிக்குதோ பண்ணிக்கோ, சரவணா" என்றாள் வித்யா.

நம் வீட்டுப் பெண்கள் இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் உலகத்துக்கே தெரியும், கட்டிய புருஷனைத் தவிர. மாற்றத்தை எழுதிய சேஞ்ச் ஆர்டர் தாளில் சரவணன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வாக்-த்ரூ

வீடு கட்டி முடிந்தது, மாமனாரும் ஊரிலிருந்து வந்துவிட்டார். க்ளோசிங்குக்கு முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் எல்லாம் நீல டேப் ஒட்டுவார்கள். பில்டர் அதைச் சரிசெய்து கொடுப்பார். சரவணன் அன்று டேப்பைத் தொடவே இல்லை. காரை நிறுத்தி, மாமனாரைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். வித்யா பின்னால் வந்தாள்.

நான் கேட்டிருந்த கதைக்கு ஒரு முறுக்கு மீசையை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லியான, தளர்ந்த மனிதர். ஸ்வெட்டர் தொளதொளவென்று தொங்கியது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வாசல்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு நேராக உள்ளே போனார். அந்த அறையை அவர் பார்க்கவே இல்லை.

மாடிப்படியைப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். சரவணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரை மறுபடி வாசலுக்கே கூட்டிவந்து விளக்கைப் போட்டார்.

"மாமா, இது செருப்பு விடற ரூமுங்க."

"செருப்புக்கா? இத்தனை பெருசு எதுக்குங்க?"

"நீங்கதானுங்களே மாமா கேட்டீங்க? உங்க ஊட்டு போர்ட்டிகோவுல, நான் பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கு."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். "நானுங்களா? என்னங்க கேட்டேன்?"

சரவணன் அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னார். என் முன்னால், வித்யா முன்னால், வார்த்தை மாறாமல்.

"சொல்லியிருப்பேனுங்க மாப்ள. அப்பெல்லாம் கோவத்துல என்னென்னவோ பேசுவேன். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க." சொல்லிவிட்டு அந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "மில்லும் போச்சு. அந்த ஊட்டையும் இடிச்சுட்டு ஃப்ளாட்டு கட்டறானுங்க. நான் இப்ப ரெண்டு ரூம்லதான் இருக்கறனுங்க. அம்மிணி உங்ககிட்ட சொல்லலீங்களா?"

"ரெண்டு தடவை சொன்னேம்ப்பா" என்றாள் வித்யா. "அவன் கைப்பிடிக்கு கலர் பாத்துட்டு இருந்தான்."

சரவணன் அந்த விளக்கு வெளிச்சத்தில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அடிக்க ஓங்கிய கைக்கு எதிரே ஆளே இல்லாமல் போனவர் மாதிரி நின்றார். பாவமாக இருந்தது எனக்கு.

க்ளோசிங்

மறுநாள் பத்திரம் முடித்துக் கொடுக்கிற டைட்டில் கம்பெனியில் அவர்கள் இரண்டு பேர், எதிரே ஆபீஸர் அம்மாள், ஓரத்தில் நான். பெரியவர் வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். சரவணன் எல்லாத் தாளிலும் மடமடவென்று போட்டு முடித்தார். வித்யாவின் முறை வந்தது. பேனாவை எடுத்தவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சரவணா, அப்பாவை விடு. என்னையும் விடு. உனக்கு இந்த வீடு வேணுமா?"

"என்ன விது, உனக்காகத்தானே..."

"நான் ஒரு ரூம் கேட்டேன். நீ அதுல செருப்பை வெச்ச."

ஆபீஸர் அம்மாளுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் தாள்களைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இத்தனை வருஷமா நீ எங்கப்பாகூடத்தான் குடித்தனம் பண்ணியிருக்க, என்கூட இல்ல. எந்திரிச்சா அவரு, படுத்தா அவரு. அவருக்கு நீ ஞாபகத்துலயே இல்ல. அந்த வீடு வேண்டாம்னுதான் உன்னை நம்பி வந்தேன். நீ அதே வீட்டைக் கட்டி என்னை மறுபடி உள்ள போகச் சொல்ற."

அவள் சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. வித்யா பேனாவை வைத்துவிட்டு எழுந்து, வெளியே இருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனாள்.

அரைமணி நேரத்தில் என் மேனேஜர் ஃபோன். "அகிலா, நீங்களும் தமிழ்தானே? அந்தப் பெண்ணிடம் பேசிச் சரிக்கட்ட முடியாதா?" முடியாது என்று ஆங்கிலத்தில் பட்டென்று சொல்லிவிட்டேன். அந்த வருஷம் எனக்கு போனஸ் இல்லை. போனால் போகட்டும்.

அட்வான்ஸ் போயிற்று, ஒப்பந்தம் ரத்தாயிற்று. வீட்டை வேறொரு குடும்பம் வாங்கியது. அந்த அறையில் அவர்கள் டிரெட்மில் போட்டிருக்கிறார்கள். இப்போது டிசைன் சென்டரில் ஒருவர் தனியாக வந்து எதையாவது மாற்றச் சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்து வரும்வரை நான் எழுதுவதில்லை. ஃபோனில் சொல்கிற 'சரி'யை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. யாருக்காகக் கட்டுகிறோம் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவரிடம் கேட்டுத்தான் கட்டுகிறோமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்த ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட சரவணன் தனியாகத்தான் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. வித்யா எப்படி இருக்கிறாள் என்று தயங்கித்தான் கேட்டேன்.

"வீட்லதான்க்கா இருக்கா. பேசிட்டிருக்கோம்."

"சண்டையா?"

"இல்லக்கா. அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டுட்டிருக்கேன். எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா."

போட வேண்டிய இடங்களில் எல்லாம் போட்டுவிட்டு, என் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.